ஒரு பீரியடில் ஒரு பண்பாடு

1927 மார்ச் 3, ஜப்பானில் பெண் குழந்தைகளுக்கான ஹினமத்சுரி திருநாள். நம் ஊர்க் கொலுவைப் போலவே படிகட்டிப் பொம்மை அடுக்கும் விழா. அன்று டோக்கியோவில் நடந்த வரவேற்பு நிகழ்ச்சிக்கு வந்திருந்த விருந்தினர்களும் பொம்மைகள்தான். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவை. ஜப்பானுக்கு வந்த மொத்த எண்ணிக்கை 12,700-க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கடிதம், கையடக்கமாக ஒரு பாஸ்போர்ட். ஜப்பானில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து திரும்பிய சிட்னி கூலிக் என்ற பாதிரியார் எடுத்த முயற்சி இது. 1924-இல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் ஜப்பானியர் வருவதற்கான வழியை அடைத்திருந்தது. இரு நாடுகளுக்கும் இடையே கசப்பு ஏறிக்கொண்டிருந்தது. பெரியவர்களை மாற்றுவது கடினம், குழந்தைகளிடமிருந்து தொடங்குவோம் என்று கூலிக் நினைத்தார். ஜப்பான் பக்கம் பொறுப்பேற்றவர் தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சி. பொம்மைகள் ஊர் ஊராகத் தொடக்கப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானும் கைதேர்ந்த கலைஞர்கள் செய்த 58 பெரிய பொம்மைகளைப் பட்டுக் கிமோனோ உடுத்தி அமெரிக்காவுக்கு அனுப்பியது.

பதினான்கு ஆண்டுகள் கழித்துப் போர் வந்தது. பள்ளி அலமாரிகளில் இருந்த நீலக்கண் பொம்மைகள் எதிரி நாட்டுப் பொம்மைகள் ஆயின. பல எரிக்கப்பட்டன, சிலவற்றைப் பிள்ளைகள் கண்முன்னே மூங்கில் ஈட்டியால் குத்தினார்கள். ஆங்காங்கே சில ஆசிரியர்கள் மனம் பொறுக்காமல் அவற்றை ஒளித்துவைத்தார்கள். அப்படித் தப்பியவை ஏறக்குறைய முந்நூறு. இன்றும் ஜப்பானியப் பள்ளிகளிலும் காட்சியகங்களிலும் இருக்கின்றன.

ஒரு பொம்மை போரை நிறுத்தும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. கூலிக்கின் நல்லெண்ணத்தில் குறை காணவும் முடியாது. ஆனால் பள்ளி மாணவர்களுக்காகப் பண்பாட்டுப் பரிமாற்ற நிகழ்ச்சி நடத்தக் கிளம்பும் எவரும் இந்தக் கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு நாட்டுப் பிள்ளைகளும் அனுப்பினார்கள், பெற்றுக்கொண்டார்கள், வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள், அலமாரியில் வைத்துப் பார்த்தார்கள். சேர்ந்து ஒன்றையும் செய்யவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் ஒரு நாட்டின் சின்னத்தை. அந்த நாட்டுப் பிள்ளை ஒருத்தியோடு உட்கார்ந்து ஒரு கணக்கைப் போடவோ ஒரு விளையாட்டில் தோற்கவோ வாய்க்கவில்லை.

இன்றைய பள்ளி நிகழ்ச்சிகள் பலவும் அதே வழியில்தான் போகின்றன. வெளிநாட்டிலிருந்தோ வெளிமாநிலத்திலிருந்தோ ஒருவர் வருகிறார். அவருடைய ஊர் உடை, ஒரு நடனம், தின்பதற்கு ஏதாவது, புரொஜெக்டரில் இருபது படங்கள், கடைசியில் குழுப் புகைப்படம். அயல்நாட்டில் படிக்கும் தமிழ் மாணவரை அந்த ஊர்ப் பள்ளி அழைத்தாலும் இதே வரிசைதான்: பட்டுப்புடவை, பரதநாட்டியம், பிரியாணி. நாற்பது நிமிடத்தில் மணி அடித்துவிடும். பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். மனதில் எது தங்கியது என்று பின்னர் கேட்பவர் குறைவு.

இது வெறும் மனக்கணக்கு அல்ல. வேறுபட்ட மனிதர்களை ஓரிடத்தில் சேர்த்தால் என்ன நடக்கிறது என்பதை எழுபது ஆண்டுகளாகச் சமூக உளவியலாளர்கள் ஆராய்ந்துவருகிறார்கள். 1954-இல் கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் தப்பெண்ணத்தின் இயல்பைப் பற்றி எழுதிய நூலில், சந்திப்பு மட்டும் போதாது என்றார். வந்தவரும் இருப்பவரும் சம நிலையில் இருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான இலக்கு வேண்டும். அதை அடைய ஒருவர் கையை இன்னொருவர் நம்பியிருக்க வேண்டும். மேலிருப்பவர்களின் ஆதரவு வெளிப்படையாகத் தெரிய வேண்டும். இந்த நான்கையும் பள்ளி மேடை நிகழ்ச்சியோடு ஒப்பிட்டால் நிலைமை புரியும். மேடையில் ஒருவர், கீழே நானூறு பேர் என்றால் சம நிலை இல்லை. பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லாதவர்களுக்கு இலக்கும் இல்லை.

அதே 1954-இல் ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் சமூக உளவியலாளர் முசாபர் ஷெரிப் நடத்திய கோடை முகாம் பாடப்புத்தகங்களில் இடம்பெற்ற ஒன்று. பதினோரு வயதை ஒட்டிய 22 சிறுவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்தார், போட்டி வைத்தார், இரு அணிகளும் ஒன்றையொன்று வெறுக்கத் தொடங்கின. பிறகு சமாதானத்துக்காக இரு அணிகளையும் ஒரே கூடத்தில் சாப்பிட வைத்தார், ஒன்றாகப் படம் பார்க்க வைத்தார். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டதுதான் மிச்சம். முகாமுக்குத் தண்ணீர் வரும் வழி தடைபட்டபோதும், சாப்பாடு ஏற்றிவர வேண்டிய லாரி கிளம்ப மறுத்தபோதும் நிலைமை மாறியது. லாரியைக் கயிறு கட்டி இழுக்க எல்லாக் கையும் தேவைப்பட்டது. படிப்படியாகப் பகை தணிந்தது. இந்த ஆய்வைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. சண்டையை மூட்டுவதில் ஆய்வாளர்களின் கையும் இருந்தது என்பதையும், அதற்கு முந்தைய ஆண்டு இதே முயற்சி தோற்றதையும் ஜினா பெர்ரி என்ற எழுத்தாளர் 2018-இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டுகிறது. ஆனால் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் மட்டும் உறவு வளராது என்ற பகுதி, பள்ளி விழாக்களை அருகிலிருந்து பார்த்த எந்த ஆசிரியருக்கும் வியப்பளிக்காது.

நம் நாட்டிலேயே செய்த இரண்டு ஆய்வுகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. மேட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கிரிக்கெட் போட்டித் தொடர் நடத்தினார். சில அணிகளில் ஒரே சாதியினர், சில அணிகளில் பல சாதியினர். யார் எந்த அணி என்பதைக் குலுக்கலே முடிவு செய்தது. ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் நெருக்கம் குறையவே செய்தது. 2021-இல் வெளியான முடிவு இது. மைதானம் ஒன்று, ஆட்டம் ஒன்று. யார் பக்கம் நின்று ஆடினார்கள் என்பதே வேறுபாடு.

மற்றொன்று டெல்லியில் நடந்தது. வசதி படைத்த தனியார் பள்ளிகள் ஏழை மாணவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று 2007-இல் அரசு விதித்தது. அதன் விளைவைக் கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் தாராள மனம் உள்ளவர்களாக இருந்தார்கள். ஒரு ரிலே ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது வசதியைப் பார்த்து ஒதுக்குவது அவர்களிடம் குறைவாக இருந்தது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகரவரிசைப்படி பிரிப்பது வழக்கம். ஆகவே ஏழைப் பிள்ளை இருந்த குழுவில் யார் யார் சேர்ந்தார்கள் என்பதை முதலெழுத்தே தீர்மானித்தது. அப்படி ஒரே குழுவில் தினமும் பேசிப் பழகியதுதான் மாற்றத்தின் பெரும்பங்குக்குக் காரணம் என்று ராவ் காண்கிறார்.

ஆய்வுகள் எல்லாம் நல்ல செய்தியே சொல்கின்றன என்று இல்லை. பெட்டிக்ரூ, டிராப் என்ற உளவியலாளர்கள் 2006-இல் 515 ஆய்வுகளைத் தொகுத்து, சந்திப்பு பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். ஆல்போர்ட்டின் நிபந்தனைகள் கட்டாயமல்ல, இருந்தால் பலன் கூடும் என்றும் சொன்னார்கள். ஆனால் ஈராக்கில் கிறிஸ்தவக் கால்பந்து அணிகளில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்துச் சல்மா மூசா என்ற அரசியல் அறிவியலாளர் நடத்திய ஆய்வு (2020) ஓர் எல்லையைக் காட்டியது. அணித் தோழர்மீது அன்பு வந்தது. மைதானத்துக்கு வெளியே இருக்கும் முன்பின் தெரியாத முஸ்லிம்கள் வரை அது நீளவில்லை. இரண்டு மாதம் ஒன்றாக ஆடியவர்கள் நிலையே இதுவென்றால், ஒரு பீரியட் வந்துபோகிறவர் தம் எதிர்பார்ப்பை அளந்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே தயாரிப்பு என்பது எதைக் காட்டுவது என்ற கேள்வியிலிருந்து தொடங்கக் கூடாது. பிள்ளைகள் கையால் என்ன செய்யப் போகிறார்கள், அதை ஏன் ஒருவராகச் செய்ய முடியாது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். படமும் உடையும் பேச்சும் அதற்குப் பிறகு, தேவைப்படும் அளவுக்கு.

கோலத்தை எடுத்துக்கொள்வோம். அயல்நாட்டுப் பள்ளிகளுக்குப் போகும் தமிழர்கள் அதிகம் எடுத்துச்செல்வது இதைத்தான். வழக்கமாக நடப்பது என்ன? ஒருவர் அழகான ஒரு சிக்குக் கோலத்தைத் தரையில் போட்டுக் காட்டுவார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பிறகு அச்சடித்த தாளில் அதையே வண்ணம் தீட்டச் சொல்வார்கள். கோலம் போடும் பெண்ணின் கைக்கும் மூளைக்கும் நடக்கும் வேலையை இந்த முறை முழுவதுமாக மறைத்துவிடுகிறது.

அதே கோலத்தை வேறு விதமாகக் கொண்டுபோகலாம். நேர்ப்புள்ளியில் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவிலெல்லாம் இழைகள் குறுக்கிட்டுப் போக, ஓரங்களில் மட்டும் வளைந்து திரும்பும் அடிப்படைச் சிக்கு வடிவத்தைப் போடச் சொன்னால், கையை எடுக்காமல் ஒரே இழையில் தொடங்கிய இடத்துக்கே வந்துசேரலாம். இப்போது வரிசைக்கு ஒரு புள்ளியைக் குறைத்து மூன்றுக்கு மூன்று ஆக்கினால் கதை மாறிவிடும். ஒரே இழையில் முடியாது. மூன்று இழைகள் வேண்டும். இரண்டுக்கு மூன்று என்றால் ஒன்று. இரண்டுக்கு நான்கு என்றால் இரண்டு. நான்குக்கு ஆறு என்றாலும் இரண்டு. வரிசை எண்ணிக்கைக்கும் புள்ளி எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எத்தனையோ அத்தனை இழைகள். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருப்பதுதான் இது, ஆனால் தரையில் வந்து நிற்கிறது.

இதைச் சொல்லிக்கொடுத்தால் ஐந்து நிமிடம். சொல்லாமல் கண்டுபிடிக்க விட்டால் முழு பீரியடும் போதாது. நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஓர் அளவு கொடுத்து, எத்தனை இழை வந்தது என்று கரும்பலகையில் எழுதச் சொல்லலாம். எட்டுக் குழுவின் விடைகளும் சேர்ந்தால்தான் ஒழுங்கு புலப்படும். ஒரு குழு தவறாக எண்ணினால் எல்லோருக்கும் குழப்பம். இங்கேதான் ஒருவர் கையை இன்னொருவர் நம்ப வேண்டியிருக்கிறது. கணக்கில் வல்ல பிள்ளைக்கும் கோடு நேராக இழுக்கத் தெரிந்த பிள்ளைக்கும் வகுப்பில் பொதுவாக ஒரே மதிப்பு கிடைப்பதில்லை. இந்த வேலையில் இருவரும் தேவைப்படுகிறார்கள்.

இதற்கு நடத்துபவர் செய்ய வேண்டிய வீட்டு வேலை அதிகம். ஒவ்வோர் அளவையும் தாமே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாக நின்று பார்க்கும் பிள்ளையின் பக்கத்திலிருந்தும் பிழையைக் கண்டுபிடிக்கப் பழகியிருக்க வேண்டும். எந்த இடத்தில் கை வழக்கமாகத் தடுமாறும் என்பது போட்டுப் பார்த்தவருக்கே தெரியும். மூலையில் வளைந்து திரும்பும் இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் வழி தவறுவார்கள். தரை எப்படி என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். கம்பளம் விரித்த வகுப்பறையில் கோலமாவு உதவாது; மூடிய அறையில் மாவு பறந்தால் மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது. வெளியே சிமென்ட் தளம் இருந்தால் சாக்பீஸ். இல்லையென்றால் கறுப்பு சார்ட்டும் வெள்ளைப் பென்சிலும். விரலிடுக்கில் மாவைப் பிடித்து இழை விழவைப்பது ஒரு பீரியடில் வராத கை. அதை முயன்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு மூலையில் தட்டும் மாவும் வைத்தால் போதும்.

தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் 1970-களில் கோலத்தைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணங்களோடு இணைத்து ஆராய்ந்தார்கள். வாசலில் பெண்கள் போட்டுப் பழகிய வரைமுறை, கணினிக் கோட்பாட்டுக்கு ஆய்வுப் பொருளாகியது. ஒரு பள்ளி மாணவனுக்கு இதைச் சொல்லும்போது கோலத்தின்மேல் மரியாதை வருவது இயல்பு. அழகு என்று மட்டும் சொன்னால் அந்த மரியாதை வராது.

இன்னொரு கதவும் இங்கே திறக்கிறது. வடகிழக்கு அங்கோலாவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் வாழும் சோக்வே மக்கள் மணலில் சோனா என்ற வரைவுகளைப் போடுவார்கள். தரையைத் துடைத்துச் சமன் செய்வார்கள். விரல்நுனியால் சீரான இடைவெளியில் புள்ளி வைப்பார்கள். கதை சொல்லிக்கொண்டே அந்தப் புள்ளிகளைச் சுற்றி விரலை எடுக்காமல் இழை இழுப்பார்கள். வரைபவர்கள் ஆண்கள், பெரியவர்களிடமிருந்து சிறுவர்கள் கற்றுக்கொள்வார்கள். அடிமை வணிகமும் காலனி ஆட்சியும் இந்தக் கலையைப் பெருமளவு சிதைத்தன. மொசாம்பிக்கில் பணியாற்றிய கணிதவியலாளர் பாலஸ் ஹெர்டெஸ் பழைய பதிவுகளைத் தேடியெடுத்து, அவற்றுக்குள் இருந்த கணிதத்தை மீட்டார். மேலே சொன்ன பொதுக் காரணிக் கணக்கு அதே அடிப்படை வடிவில் அமைந்த சோனாவுக்கும் அப்படியே பொருந்தும். 2023-இல் யுனெஸ்கோ சோனாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் மணல் வரைவு 2008 முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அங்கும் ஒரே இழை, அங்கும் விரல், அங்கும் கதை.

மூன்று கடல்களுக்கு அப்பால் மூன்று மக்கள் ஒரே வகைக் கணக்கைத் தரையில் போட்டிருக்கிறார்கள். ஒரு வகுப்பில் இதை வைத்தால், ஒரு பண்பாட்டை வேடிக்கை பார்ப்பது நின்று ஒப்பிடுவது தொடங்கும். ஏன் இங்கே பெண்கள், அங்கே ஆண்கள்? ஏன் இங்கே காலையில் வாசலில், அங்கே கதை சொல்லும்போது? பிள்ளைகளே கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்விகள் எழும் அளவுக்கு நேரம் ஒதுக்குவதுதான் நடத்துபவரின் வேலை.

கோலத்தைப் பற்றிப் பேசும்போது தமிழர் எல்லோரும் இப்படித்தான் என்ற பேச்சு நுழைந்துவிடும். அதற்கும் தயாராக வேண்டும். எறும்புக்கும் குருவிக்கும் தீனி என்பார் ஒருவர். லட்சுமி வருவாள் என்பார் மற்றொருவர். அழகுக்காக என்பார் மூன்றாமவர். விஜயா நாகராஜன் 2018-இல் வெளியிட்ட கோல ஆய்வு நூல் இந்தப் பல குரல்களையும் காது கொடுத்துக் கேட்ட நூல். கோலமே போடாத தமிழ் வீடுகள் உண்டு. அடுக்குமாடிக் கதவருகே ஸ்டிக்கர் ஒட்டிய வீடுகளும் உண்டு. இவற்றையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் பிள்ளைகளுக்கு ஒரு மக்கள் கூட்டம் தெரிகிறது.

நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், அமெரிக்காவில் தம் அறைத்தோழி தம்மைப் பார்த்து வியந்ததைச் சொல்வார். இவருக்கு ஆங்கிலம் எப்படி வந்தது என்று தோழிக்கு ஆச்சரியம். பழங்குடி இசை கேட்கலாமா என்று ஆவல். இவர் எடுத்துக் கொடுத்ததோ மரியா கேரியின் கேசட். அந்தத் தோழி கெட்டவர் அல்ல. ஆப்பிரிக்காவைப் பற்றி ஒரே ஒரு கதை மட்டும் கேட்டு வளர்ந்தவர். பள்ளிக்கு வரும் விருந்தினர் நினைத்தால் அந்த ஒரே கதையை உடைக்கலாம். கவனிக்காவிட்டால் அவரே அதற்கு இன்னொரு படத்தைச் சேர்த்துவிடுவார். ஆகவே படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது கோயிலுக்கும் திருவிழாவுக்கும் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு, மளிகைக் கடை, டியூஷன் முடிந்து சைக்கிளில் போகும் பிள்ளை, வீட்டில் பாத்திரம் கழுவும் அப்பா ஆகியவையும் இருக்க வேண்டும். இது எங்கள் நாட்டில் இப்படி என்பதற்குப் பதில், எங்கள் தெருவில், எங்கள் வீட்டில் இப்படி என்று சொல்லிப் பழகுவது பெரிய வேறுபாட்டைத் தரும். தம் அனுபவத்துக்கு யாரும் பொறுப்பேற்கலாம். நூற்று நாற்பது கோடிப் பேருக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

வகுப்பு ஆசிரியரை முன்பே சந்திக்காமல் உள்ளே போகக் கூடாது. ஜப்பானில் 1987-இல் நான்கு நாடுகளிலிருந்து 848 பேரோடு தொடங்கிய ஜெட் என்ற பரிமாற்றத் திட்டத்தில், உள்ளாட்சி அலுவலகங்களில் பணிபுரியும் அயல்நாட்டு இளைஞர்கள் பள்ளிகளுக்குச் சென்று வகுப்பெடுப்பதும் வேலையின் ஒரு பகுதி. அங்கே போலவே எங்கேயும், அந்த முன்சந்திப்பில் கிடைக்கும் செய்திகளே நிகழ்ச்சியைக் காப்பாற்றும். எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது, யாருக்கு எந்த உணவு ஒவ்வாது, புகைப்படம் எடுக்கப் பெற்றோர் அனுமதி உண்டா, வகுப்பில் அண்மையில் ஏதாவது சண்டை நடந்ததா. வழிபாட்டோடு தொடர்புடைய எதையாவது செய்யச் சொல்லப்போகிறோமா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். ஒரு சடங்கைப் பார்ப்பதும் அதைச் செய்வதும் வேறுவேறு. செய்ய மறுக்கும் பிள்ளைக்கு, யாரும் திரும்பிப் பார்க்காதபடி வேறு வேலை தயாராக இருக்க வேண்டும்.

அந்த வகுப்பிலேயே விருந்தினரின் ஊரைச் சேர்ந்த ஒரு பிள்ளை இருந்தால், ஆசிரியர்கள் அன்போடு செய்யும் ஒரு காரியம் உண்டு: அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, உங்கள் வீட்டில் எப்படி, சொல்லு என்பது. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கும், தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படிக்கும் பீகாரிலோ ஒடிசாவிலோ இருந்து வந்த தொழிலாளியின் பிள்ளைக்கும் அது அன்பாகத் தெரிவதில்லை. அதுவரை வகுப்பில் ஒருவனாக இருந்தவன் அந்தக் கணத்தில் தனியாக நிறுத்தப்படுகிறான். பேச விருப்பமா என்று முதல் நாளே தனியாகக் கேட்டு, இல்லையென்றால் விட்டுவிடுவதே மரியாதை.

கேள்விகளை முன்கூட்டியே வாங்கிவைப்பது நல்ல பழக்கம். ஒரு வாரம் முன்னதாகப் பெயர் எழுதாத துண்டுத்தாளில் எதை வேண்டுமானாலும் எழுதச் சொன்னால், மேடையில் ஒருபோதும் வராத கேள்விகள் வரும். உங்கள் ஊரில் எல்லோரும் ஏழையா? கையால் சாப்பிட்டால் நோய் வராதா? நீங்கள் ஏன் கறுப்பாக இருக்கிறீர்கள்? தமிழ்நாட்டுப் பள்ளிக்கு வடகிழக்கிலிருந்து ஒருவர் வந்தால் அவர் எதிர்கொள்ளும் கேள்விகளும் இதே அளவு கூர்மையானவை. நம் பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். கேட்ட பிள்ளையை அதட்டினால் கேள்வி வாயிலிருந்து போகும், மனதிலிருந்து போகாது. துண்டுத்தாள்களை முதல் நாள் இரவு படித்துவிட்ட விருந்தினர் நிதானமாகப் பதில் சொல்ல முடியும். எதற்கு ஆசிரியர் பதில் சொல்வது நல்லது என்று பிரித்துக்கொள்ளவும் முடியும். விருந்தினரின் மானத்தையும் பள்ளி காக்க வேண்டும். எந்தக் கேள்விக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வது அவருடைய கடமை அல்ல.

சில செயல்பாடுகளை ஒரு நாள் விருந்தினர் தொடவே கூடாது. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அயோவாவின் ரைஸ்வில்லில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண் நிறத்தை வைத்துப் பிரித்து, ஒரு பிரிவை உயர்வாகவும் மற்றதைத் தாழ்வாகவும் நடத்திக் காட்டினார். உலகம் முழுவதும் பேசப்பட்ட பாடம் அது; கடும் எதிர்ப்பையும் சந்தித்தது. அவர் அந்தப் பிள்ளைகளைத் தினமும் பார்த்த ஆசிரியை. மறுநாள் அவர்களோடு உட்கார்ந்து பேச அவருக்கு வாய்ப்பு இருந்தது. மணி அடித்ததும் கிளம்பிவிடுகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. காயம் ஏற்பட்டால் ஆற்ற ஆளில்லாத வேலையைத் தொடங்காமல் இருப்பதே நேர்மை.

அதைவிட எளிய, சோதித்துப் பார்த்த வழி இருக்கிறது. 1971-இல் டெக்சாசின் ஆஸ்டின் நகரில், இனவாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டபோது வகுப்பறைகளில் பதற்றம் நிலவியது. எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் அங்கே ஒரு முறையை அமைத்தார். பாடத்தைத் துண்டுகளாக்கிக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் தருவார்கள். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் முழுப் பாடமும் யாருக்கும் கிடைக்காது. அதுவரை கேலிக்கு ஆளான பிள்ளையின் பேச்சையும் கவனித்தே ஆக வேண்டும், ஏனென்றால் அவனிடம் இருக்கும் துண்டு வேறு யாரிடமும் இல்லை. விருந்தினர் சொல்ல நினைத்த செய்திகளை இருபது படங்களாகக் காட்டுவதற்குப் பதில் ஐந்து அட்டைகளில் எழுதிக் குழுவுக்குள் பகிர்ந்தால், பேசுகிறவர்கள் பிள்ளைகள் ஆகிறார்கள்.

தேசியக் கல்விக் கொள்கை 2020-இல் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குப் புத்தகப்பை இல்லாத பத்து நாட்கள் பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளைப் பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் வாதம் வேறு; பாடத்திட்டத்தின் நெருக்கடியிலிருந்து விடுபட்ட சில நாட்கள் எந்தப் பள்ளிக்கும் தேவை. மாநிலங்களை இணை சேர்க்கும் ஒரே பாரதம் உன்னத பாரதம் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு இணை ஜம்மு காஷ்மீர். இந்த இணைக்கு நடனத்தையும் உடையையும் மாற்றிக் காட்டுவதைவிட நல்ல வேலை ஒன்று கிடைக்கிறது. காஷ்மீரில் சால்வையும் கம்பளமும் நெய்பவர்களிடம் தாலிம் என்ற குறிப்பு முறை உண்டு. எந்த நிறத்தில் எத்தனை இழை அல்லது முடிச்சு என்பதைச் சிறு குறிகளால் நீளத் தாளில் எழுதியிருப்பார்கள்; ஒருவர் ராகம்போட்டு வாசிக்க, தறியில் இருப்பவர்கள் கேட்டு நெய்வார்கள். வாசிப்பவர் குரலிலேயே பூ விரியும்.

ஸ்ரீநகர்ப் பள்ளி ஒன்றும் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றும் இணைந்தால், இரண்டு வகுப்புகளும் கட்டம்போட்ட தாளோடு உட்காரலாம். அங்கிருந்து தாலிம் மாதிரியில் ஒரு குறிப்பு வரும். இங்கே ஒரு பிள்ளை வாசிக்க, தாளைப் பார்க்காத மற்றொரு பிள்ளை கேட்டுக் கட்டங்களில் நிறம் இட வேண்டும். இங்கிருந்து ஒரு கோலத்தைச் சொற்களால் மட்டும் விவரித்து அனுப்ப வேண்டும். அங்கே அதைக் கேட்டுப் போட வேண்டும். படம் அனுப்பக் கூடாது. முதல் முறை இரண்டு பக்கமும் தப்பாகத்தான் வரும். எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க, அந்தப் பள்ளியோடு மறுபடியும் பேச வேண்டும். அந்த இரண்டாவது பேச்சுக்கும் மூன்றாவது பேச்சுக்கும் தேதி குறித்த பிறகே முதல் நிகழ்ச்சிக்கு அழைப்பு அச்சடிக்க வேண்டும்.